பெட்ரோல், டீசல் இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி ஓட்டுகிற பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எந்தக் கேள்வியிலிருந்தும் தொடங்கலாம். ஆனால் வரிசையாகப் படித்தால் ஒன்று பிடிபடும்: காற்றை எவ்வளவு இறுக்கி அமுக்கலாம் என்ற ஒரே பிரச்சினையைச் சுற்றித்தான் இன்ஜினின் வரலாறு பெரும்பாலும் நடந்திருக்கிறது.

உள்ளெரி இன்ஜின் என்பது எது? நீராவி இன்ஜினும் எரிபொருளில்தானே ஓடியது?

ஆமாம், ஆனால் அதில் தீ ஓரிடம், வேலை வேறிடம். நிலக்கரி வெளியே எரியும், அந்தச் சூடு பாய்லரில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கும், ஆவி குழாய் வழியே போய்ப் பிஸ்டனைத் தள்ளும். உள்ளெரி இன்ஜினில் எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே காற்றோடு கலந்து எரிகிறது. எரிந்து சூடான வாயுவே விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது. பாய்லர் தேவையில்லை, தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், எடையும் குறைவு. ரயிலுக்கும் கப்பலுக்கும் பாய்லர் ஒரு சுமையே இல்லை. நாலு பேர் உட்காரும் வண்டிக்கு அது பெரிய சுமை. நீராவிக் கார்களும் ஒரு காலத்தில் விற்றன என்பது உண்மைதான், ஆனால் நிலைக்கவில்லை.

நான்கு ஸ்ட்ரோக் என்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

சிலிண்டர் என்ற குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. கனெக்டிங் ராட் அதைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியாக மாற்றுகிறது. பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே வந்தாலோ, கீழிருந்து மேலே போனாலோ அது ஒரு ஸ்ட்ரோக்.

முதல் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இறங்குகிறது, இன்லெட் வால்வு திறந்திருக்கிறது, காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. இரண்டாவதில் வால்வுகள் மூடிக்கொள்ள, பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை அமுக்குகிறது. மேல் முனையை எட்டும் சமயத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. கலவை எரிந்து 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகி, மூன்றாவது ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, மேலேறும் பிஸ்டன் புகையை வெளியே தள்ளுகிறது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

நான்கில் ஒரு ஸ்ட்ரோக்தான் சக்தி தருகிறது. மற்ற மூன்றையும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் வேகமும் மற்ற சிலிண்டர்களும் இழுத்துக்கொண்டு போகின்றன. நான்கு சிலிண்டர் இன்ஜினில் எந்த நேரமும் ஏதோ ஒரு சிலிண்டர் சக்தி தரும் கட்டத்தில் இருக்கும். ஒற்றை சிலிண்டர் பைக்கின் அதிர்வு அதில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்தை யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு நொடி. ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிகிறது. அத்தனை முறையும் கலவை சரியாக இருக்க வேண்டும், பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும்.

பொறி விழுந்ததும் வெடிக்கிறதா, எரிகிறதா?

எரிகிறது. பிளக்கின் முனையில் தீ பிடித்து, அங்கிருந்து தீயின் முகப்பு சிலிண்டர் முழுக்கப் பரவுகிறது. இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால்தான் பிஸ்டன் மேல் முனையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி விடுகிறார்கள். சுற்று வேகம் கூடக் கூட இன்னும் முன்கூட்டியே விட வேண்டும். உண்மையிலேயே வெடிக்க ஆரம்பித்தால் அது கோளாறு. அதைப் பற்றிக் கீழே, நாக்கிங் கேள்வியில்.

எதற்காக அமுக்க வேண்டும்? அமுக்குவதற்கும் சக்தி செலவாகிறதே?

செலவாகிறது. கிடைப்பது அதைவிட அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள 1860-க்குப் போக வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் வேலை பார்த்த எத்தியன் லெனுவார் அந்த ஆண்டு ஓர் இன்ஜின் செய்தார். நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சி, அமுக்காமல் அப்படியே மின்பொறியால் எரித்தார். ஓடியது, விற்கவும் செய்தது. ஆனால் எரிபொருளில் இருந்த வெப்பத்தில் 5 சதவீதம்கூட வேலையாக மாறவில்லை. மிச்சமெல்லாம் சூடாகவே போனது.

1876-ல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். எரிப்பதற்கு முன் கலவையைச் சுமார் இரண்டரை மடங்கு அமுக்கினார், அவ்வளவுதான். இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் லெனுவாரின் இன்ஜினோடு ஒப்பிட்டால் எரிபொருள் செலவு வெகுவாகக் குறைந்தது. காரணம் எளியது. சிறிய இடத்தில் அடைபட்டு எரிந்த வாயு, பிஸ்டனைத் தள்ளியபடி பல மடங்கு விரிகிறது. விரிய விரிய அதன் வெப்பம் வேலையாக மாறுகிறது. குறைவாக விரிந்தால் அந்த வெப்பம் சைலன்சர் வழியே வெளியேறிவிடும்.

உராய்வு, வெப்பக் கசிவு எதுவும் இல்லாத ஒரு கற்பனை இன்ஜினுக்கு ஏட்டுக் கணக்குப் போட்டால், இரண்டரை மடங்கு அமுக்கத்தில் 31 சதவீதமும், 8 மடங்கில் 56 சதவீதமும், 12 மடங்கில் 63 சதவீதமும் திறன் வரும். நிஜ இன்ஜின் இதில் பாதி சொச்சம்தான் எட்டும். ஆனாலும் திசை தெளிவு: அமுக்கத்தைக் கூட்டு, திறன் கூடும். முதலில் நன்றாகக் கூடும், போகப் போகக் குறைவாகக் கூடும்.

அப்படியானால் 30 மடங்கு அமுக்கிவிட வேண்டியதுதானே? பெட்ரோல் விடாது. ஏன் என்பது நாக்கிங் கேள்வியில்.

இதைக் கண்டுபிடித்தது யார்? பென்ஸா, ஓட்டோவா?

ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. நான்கு ஸ்ட்ரோக் சுழற்சியை 1862-லேயே பிரான்ஸின் அல்ஃபோன்ஸ் போ த ரோஷா எழுதி வைத்துவிட்டார், ஆனால் இன்ஜின் செய்யவில்லை. அந்த எழுத்தைக் காட்டித்தான் 1886-ல் ஓட்டோவின் ஜெர்மன் காப்புரிமையைப் பறித்தார்கள். என் பார்வையில், ஓடுகிற ஒன்றைச் செய்து காட்டியவர் என்ற பெருமை ஓட்டோவுக்கே.

ஓட்டோவின் இன்ஜின் தொழிற்சாலையில் தரையோடு பிடித்து வைக்கும் கனமான சாமான். நிமிடத்துக்கு 200 சுற்றுகூட ஓடாது. அதே நிறுவனத்தில் வேலை செய்த காட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் வெளியே வந்து, சுமார் 600 சுற்று ஓடும் சிறிய இன்ஜினைச் செய்து 1885-ல் இரண்டு சக்கர மரவண்டி ஒன்றில் பொருத்தினார்கள். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். அதன் இன்ஜின் 954 சி.சி., சக்தி முக்கால் குதிரைத்திறன்.

அந்த வண்டியை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவர் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் போனார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற சுத்திகரித்த எண்ணெயை வாங்கி ஊற்றினார். மேட்டில் வண்டி ஏற மறுத்த அனுபவத்தால்தான் பின்னர் இன்னொரு கியர் சேர்த்தார்கள்.

இன்ஜினில் "டொக் டொக்" என்று நாக்கிங் சத்தம் வருவது ஏன்? ஆக்டேன் எண் என்பது என்ன?

இந்தப் பக்கத்திலேயே நீளமான பதில் இதற்குத்தான், ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டு இன்ஜினின் கதையே இதில் அடங்கியிருக்கிறது.

எந்த வாயுவை அமுக்கினாலும் சூடாகும். சிலிண்டரில் பொறி விழுந்து தீ பரவும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை மேலும் அமுங்கி, மேலும் சூடாகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால், தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் அது மொத்தமாகத் தானே பற்றிக்கொள்ளும். அதில் எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுகிற சத்தம்தான் நாக்கிங். லேசாக இருந்தால் எரிச்சலூட்டும். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

எந்த எரிபொருள் எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, எளிதில் தானாகப் பற்றும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம் என்று வைத்து, சோதனை இன்ஜினில் ஒப்பிட்டுத் தருகிறார்கள். எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

1910-களில் கிடைத்த பெட்ரோல் இந்த விஷயத்தில் படு மோசம். ஃபோர்டின் மாடல் டி காரின் அமுக்க விகிதம், அதாவது எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண், ஐந்துக்கும் கீழேயே இருந்தது. 1912 காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து, கைப்பிடியைச் சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் தொல்லையை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங். நாக்கிங்குக்கு, பேட்டரியால் பொறி விடும் அவருடைய இக்னிஷன்தான் காரணம் என்று சிலர் பழி போட, மூலக் காரணத்தைத் தேடும் வேலையை அவர் தாமஸ் மிட்ஜ்லியிடம் கொடுத்தார். பல பொருட்களைப் போட்டுப் பார்த்த மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தில் வந்து நின்றார். மிகச் சிறிதளவு கலந்தாலே நாக்கிங் அடங்கியது. 1923-ல் அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கும் தெரிந்ததுதான். அடுத்த ஆண்டே, 1924-ல், நியூ ஜெர்சியில் இந்தச் சேர்மம் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். இருந்தும் விற்பனை தொடர்ந்தது. அமுக்க விகிதம் ஏறியது, 1960-களில் பத்தைத் தாண்டிய கார்கள் சாதாரணம். சாலையோரத்து மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயமும் ஏறியது. புவி வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1965-ல் இதை அளந்து எழுதியபோது பெட்ரோல் துறை அவரை ஓரங்கட்டப் பார்த்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. அதே மிட்ஜ்லிதான் பின்னாளில் ஓசோன் படலத்தைக் கெடுத்த ஃப்ரியான் வாயுவையும் உருவாக்கியவர். ஒரே ஆளுக்கு இப்படி இரண்டு அமைவது அபூர்வம்.

ஈயத்தை உடல்நலத்துக்காகத்தான் நிறுத்தினார்களா?

அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உடனடிக் காரணம் வேறு. 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் புகையைக் கடுமையாகக் குறைக்கச் சொன்னது. அதற்கு விடையாக 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. புகையிலுள்ள நச்சைக் குறைக்கும், பிளாட்டினம், பல்லேடியம் பூசிய தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி அது. அதன் பரப்பில் ஈயம் படிந்தால் கன்வர்ட்டர் செத்துவிடும். ஆகவே ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயமானது. குழந்தைகளுக்காக நிறுத்தாத ஈயத்தைக் கன்வர்ட்டருக்காக நிறுத்தினார்கள்.

ஈயம் போனால் அமுக்கம் குறைய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே தன் கார்களின் அமுக்க விகிதத்தை இறக்கிவிட்டது. அந்தத் தசாப்தத்துப் பெரிய அமெரிக்க கார்கள் பெட்ரோலைக் குடித்தும் சோம்பலாக ஓடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹோண்டா மட்டும் வேறு வழியில் போனது. எரியறையை இரண்டாகப் பிரித்த சி.வி.சி.சி. இன்ஜினால், கன்வர்ட்டர் இல்லாமலே 1975 சிவிக்கில் அந்த விதியை எட்டியது.

கார்புரேட்டர் ஏன் காணாமல் போனது?

காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பிய கருவி கார்புரேட்டர். கன்வர்ட்டர்தான் அதைக் கொன்றது என்று சொல்லலாம்.

மேபாக் 1893-ல் வடிவமைத்த தெளிப்பு முறைதான் பின்னால் வந்த கார்புரேட்டர்களுக்கு முன்னோடி. காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்த இழுப்பில் பெட்ரோல் மெல்லிய துளையிலிருந்து தெறிக்கிறது. மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம், அழகான அமைப்பு. ஆனால் குளிர் அடித்தால் சோக் இழுக்க வேண்டும், மலை ஏறினால் கலவை மாறும், ஜெட் என்ற அந்தத் துளையில் தூசி அடைத்தால் வண்டி நிற்கும்.

நல்ல கன்வர்ட்டர் மூன்று நச்சுகளை ஒரே சமயத்தில் கையாள வேண்டும்: கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதலிரண்டுக்கும் ஆக்சிஜன் சேர வேண்டும், மூன்றாவதிலிருந்து ஆக்சிஜன் பிரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து நடப்பது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்ற புள்ளியை ஒட்டிய குறுகிய இடைவெளியில் மட்டும். அந்தத் துல்லியம் கார்புரேட்டரால் ஆகாது. 1970-களின் பிற்பாதியில் வோல்வோ, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைத்து, அது சொல்வதைக் கேட்டுக் கலவையை நொடிக்கு நொடி திருத்தும் முறையைக் கொண்டுவந்தது.

பெட்ரோலை அளந்து பீச்சும் மின்னணு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அதற்கு முன்பே தயாராக இருந்தது. பாஷ் நிறுவனத்தின் டி ஜெட்ரானிக் 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. பொறியையும் எரிபொருளையும் ஒரே டிஜிட்டல் பெட்டி கவனிக்கும் மோட்ரானிக் 1979-ல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தது. இன்று ஈ.சி.யு. என்று சொல்லப்படும் பெட்டிகள் அந்த வழியில் வந்தவைதான்.

இதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது. இன்ஜினில் நாக் சென்சார் ஒன்றைப் பொருத்தினால், நாக்கிங் தொடங்கும் கணத்திலேயே ஈ.சி.யு. பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிடும். பயந்து பயந்து அமுக்கத்தைக் குறைத்து வைக்கத் தேவையில்லை. ஈயம் இல்லாமலே அமுக்க விகிதம் பழையபடி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் ஏறியது. மாஸ்டா 14 வரை போய்ப் பார்த்துவிட்டது.

டீசல் இன்ஜினில் பிளக் இல்லாமல் எப்படித் தீப் பிடிக்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். டீசல் இன்ஜின் நம்பியிருப்பது அதே சூட்டைத்தான். இங்கே சிலிண்டருக்குள் வருவது வெறும் காற்று. எரிபொருள் இல்லாததால் நாக்கிங் பயம் இல்லை, 15 முதல் 20 மடங்குகூட அமுக்கலாம். காற்று 500 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் நேரத்தில் டீசலைப் பீச்சுகிறார்கள். பட்டதும் பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்குக் கோளாறாக இருப்பதை டீசல் இன்ஜின் வேலையாகவே எடுத்துக்கொண்டது.

ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் 26.2 சதவீதத் திறனை அளந்து காட்டினார். அந்தக் காலத்துக்கு அது நம்பமுடியாத எண். ஆனால் எரிபொருளை உள்ளே ஊத ஒரு கம்ப்ரஸரே தேவைப்பட்டது, அதை வைத்துக்கொண்டு கார் செய்ய முடியாது. பாஷ் 1927-ல் சிறிய இன்ஜெக்‌ஷன் பம்பைத் தயாரித்துக் கொடுத்த பிறகுதான் லாரிகளில் பரவியது. காருக்கு வர 1936-ன் மெர்சிடிஸ் 260 டி வரை ஆனது. 1913-ல் கப்பல் பயணத்தில் மறைந்த ருடால்ஃப் டீசல் இதைப் பார்க்கவில்லை.

டீசல் வண்டிக்கு மைலேஜ் அதிகம் என்பது உண்மையா? அப்புறம் ஏன் அதைக் கைவிடுகிறார்கள்?

உண்மை. அதிக அமுக்கம் ஒரு காரணம். காற்று வரும் வழியைப் பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் அடைத்து அடைத்துத் திறப்பதுபோல் டீசலில் செய்வதில்லை, சக்தியை டீசலின் அளவை வைத்தே கட்டுப்படுத்துகிறார்கள். ஆகவே மெதுவாகப் போகும்போது விரயம் குறைவு. இன்னொன்றைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: டீசல் அடர்த்தி கூடியது, ஒரு லிட்டரில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். மைலேஜ் வித்தியாசத்தில் ஒரு பங்கு இன்ஜினின் சாமர்த்தியமே அல்ல.

எரிபொருளும் காற்றும் சரியாகக் கலக்க நேரமில்லாததால் கரி உண்டாகிறது. காற்று மிகுதியாகவும் சூடாகவும் இருப்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எரிபொருளை ஒரு பொதுக்குழாயில் மிக அதிக அழுத்தத்தில் வைத்து மின்னணு இன்ஜெக்டரால் பலமுறை சிறுசிறு தூவலாகப் பீச்சும் காமன் ரெயில், 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் கார்களுக்கு வந்தது. இன்று அந்த அழுத்தம் 2,000 பாருக்கும் மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சத்தமும் கரியும் குறைந்தன. மிச்சத்துக்குக் கரி வடிகட்டி, யூரியாக் கரைசல் தெளிப்பு என்று சைலன்சர் பக்கம் ஒரு சிறிய ரசாயன ஆலையே சேர்ந்துவிட்டது. செலவு ஏறியது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன், சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளைச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் வைத்திருந்தது அம்பலமானது. அதன் பிறகு சிறிய கார்களில் டீசலின் மவுசு இறங்கிவிட்டது. லாரிகளில் இன்னும் அதுதான் ராஜா.

டர்போ என்ன செய்கிறது?

வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி, புதிய காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதே சிலிண்டரில் அதிக சக்தி. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும்.

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை எடுத்துவிட்டார். காருக்கு வந்தது 1962-ல். அவற்றில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் பழைய எதிரி நாக்கிங் வந்து நின்றது, ஏனென்றால் முன்பே அழுத்திய காற்றைச் சிலிண்டர் மறுபடி அமுக்குகிறது. அதை அடக்க ஒரு தொட்டியில் தண்ணீரும் மெத்தனாலும் நிரப்பித் தெளிக்க வேண்டியிருந்தது. பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், கார் சீக்கிரமே சந்தையிலிருந்து மறைந்தது. இன்று அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் நேரடி இன்ஜெக்‌ஷனும் நாக் சென்சாரும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் ஊரெல்லாம் ஓடுவது இதனால்தான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டு இழுக்கும் அந்தத் தாமதம் மட்டும் முழுக்கப் போகவில்லை.

எச்.பி. முக்கியமா, டார்க் முக்கியமா?

எச்.பி. என்பது சக்தி, டார்க் என்பது தண்டைத் திருப்பும் விசை. இரண்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. நியூட்டன் மீட்டரில் டார்க்கை நிமிடச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 2,000 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 42 கிலோவாட். குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க் இருந்தால் கியரை அடிக்கடி மாற்றாமல் மேடு ஏறலாம், பாரம் இழுக்கலாம். உச்ச எண்ணை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள். அது எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகள் எங்கே போயின?

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிவதால் சிறிய, எடை குறைந்த இன்ஜினிலேயே நல்ல பிக்கப் கிடைத்தது. வால்வும் கிடையாது. ஆனால் புகை வெளியேறும் அதே நேரத்தில் புதுக்கலவை உள்ளே வருவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். பெட்ரோலோடு கலந்த ஆயிலும் எரிந்து நீலப்புகையாகும். புகை விதிகளுக்கு முன் நிற்க முடியவில்லை.

சுழலும் வாங்கெல் இன்ஜின் ஏன் பரவவில்லை?

ஃபெலிக்ஸ் வாங்கெலின் வடிவமைப்பில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதிர்வே இருக்காது. ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் 1964-ல் காரில் வைத்தது. ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்கள் சீக்கிரம் தேய்ந்து அந்த நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தன. மாஸ்டா விடாப்பிடியாக 2012-ன் ஆர்.எக்ஸ். 8 வரை ஓட்டியது, 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் அதை வைத்து வென்றது. ரோட்டரோடு நகரும் நீண்ட, தட்டையான எரியறையில் கலவை முழுசாக எரியாது, வெப்பம் சுவர் வழியே அதிகம் போகும். அந்தக் குறை வடிவத்திலேயே இருக்கிறது, திருத்துவது கடினம்.

எரிபொருளின் சக்தி எல்லாம் எங்கே போகிறது?

தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே, இன்னொரு பெரும் பங்கு ரேடியேட்டர் வழியே போகிறது. சக்கரத்துக்குப் போவது மிச்சம். நல்ல பெட்ரோல் இன்ஜின் தனக்குப் பிடித்த சுற்றிலும் பாரத்திலும் ஓடும்போது 35 முதல் 40 சதவீதம் எட்டும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதன் பாதிகூட வராது. ஹைபிரிட் கார்களின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. இன்ஜினுக்குச் சிரமமான நேரங்களை மின் மோட்டாரிடம் விட்டுவிடுகிறார்கள்.

டொயோட்டா 1997-ல் பிரியஸ் ஹைபிரிட் காரில் பயன்படுத்தியது, ஜேம்ஸ் அட்கின்சன் 1880-களில் யோசித்த ஒரு விஷயம்: அமுக்கியதைவிட அதிகமாக விரியவிட்டால் என்ன? அவர் அதற்குச் சிக்கலான இணைப்புத் தண்டுகளை வைத்தார். இன்று இன்லெட் வால்வைத் தாமதமாக மூடினால் போதும், உறிஞ்சிய காற்றில் கொஞ்சம் திரும்பி வெளியே போகும், அமுக்கம் குறையும், விரிதல் குறையாது. நாக்கிங் வராமலே திறன் கிடைக்கிறது. சக்தி கொஞ்சம் குறையும், அதை மோட்டார் ஈடுகட்டும். 2015 இறுதியில் வந்த நான்காம் தலைமுறை பிரியஸின் இன்ஜின் 40 சதவீதத்தைத் தொட்டது.

நிசான் வேறொரு வழி பிடித்தது. ஓடும்போதே அமுக்க விகிதத்தை 8-லிருந்து 14 வரை மாற்றிக்கொள்ளும் இன்ஜினை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. பொறியாளர்களின் நூறாண்டுக் கனவு அது. ஆனால் உள்ளே இருக்கும் நெம்புகோல்களைப் பார்த்தால் பழுது பார்க்கப்போகிறவரை நினைத்துப் பாவமாக இருக்கிறது.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா?

கையேட்டில் கேட்டிருந்தால் போடுங்கள். சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜினில் பெரிய பலன் இல்லை. உயர் ஆக்டேன் கேட்கும் இன்ஜினில் குறைந்ததைப் போட்டால் ஈ.சி.யு. பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும், ஆனால் இழுவையும் மைலேஜும் குறையும்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டுமா?

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போது ஆயில் மேலேறச் சில நொடிகள் போதும், அரை நிமிடத்தில் கிளம்பி முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். அதுவரை கூடுதலாகத் தூவப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலோடு கலக்கும். கன்வர்ட்டரும் 250, 300 டிகிரி சூடானால்தான் வேலையைத் தொடங்கும், ஆக அதிகப் புகை வருவதும் அந்த முதல் சில நிமிடங்களில்தான்.

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்?

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில், அதோடு பிசகாமல் சுழல வேண்டும். பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. பல இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வுமேல் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துபோகும். கையேடு சொல்லும் கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். அது நன்றாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

எத்தனாலிலும் ஹைட்ரஜனிலும் இதே இன்ஜின் ஓடுமா?

எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆக்டேன் எண் நூறுக்கு மேல். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே எத்தனால் அதிகம் கலந்தால் அதே தொட்டியில் குறைந்த தூரம்தான் போகும். அதற்கேற்ப அமுக்கத்தைக் கூட்டி வடிவமைத்த இன்ஜினில் இழப்பு கொஞ்சம் குறையும். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் ஒத்துக்கொள்ளாது, ஆகவே எவ்வளவு கலப்பு வரை தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜனிலும் ஓடும், பி.எம்.டபிள்யூ., டொயோட்டா இரண்டும் ஓட்டிக் காட்டியிருக்கின்றன. கார்பன் இல்லாததால் கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லை. காற்றில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் ஆயிற்றே, சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரத்தான் செய்யும். வாயுவை 700 பார் அழுத்தத்தில் அடைத்தாலும் தொட்டி பெரிதாகிவிடுகிறது. அதே ஹைட்ரஜனை ஃப்யூயல் செல்லில் மின்சாரமாக்கி ஓட்டினால் பொதுவாக அதிக தூரம் போகலாம். ஆகவே சிறிய கார்களில் ஹைட்ரஜன் இன்ஜினுக்குப் பெரிய இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொட்டிக்கு இடம் இருக்கிற, நாள் முழுக்கப் பாரம் இழுக்கிற கனரக வண்டிகளில் ஒருவேளை பார்க்கலாம்.